மேவிஸ் வீட்டுக்கு வந்த இரவல் துப்பாக்கி

அறுவடை சமயத்தில் வில்டன் தானியக் கிடங்குக்குள் நுழையும் எந்த லாரியும் மேவிஸ் வைட்ஸின் கண்ணில் படாமல் போக முடியாது. எடைமேடையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதன் ஜன்னலை எப்போதும் பாதி திறந்து வைத்திருப்பாள். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடைச் சீட்டைக் கிழித்து நீட்டியபடியே, "அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?" என்றோ, "டயர் வழுக்கையாயிடுச்சுப்பா, இறக்கத்துல பார்த்துப் போ" என்றோ ஏதாவது சொல்லித்தான் அனுப்புவாள். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை மேடுகளாகக் கிடக்கும் எங்கள் பக்கத்தில், அறுபதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது என்று அவள் நினைத்தாள். எல்லோர் கதையும் அவளிடம் வந்து சேரும். அவள் கதையை யாரும் கேட்பதில்லை.

அவள் கணவன் கொன்ராட் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டையும் பட்டறைக் கொட்டகையையும் மட்டும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். சரளைக்கல் சாலையில் அவள் வீடுதான் கடைசி. அடுத்த வீடு ஹார்லன் பிக்ஸ்லியுடையது. ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும்.

நவம்பரில் கொட்டகைப் பூட்டை யாரோ அறுத்துவிட்டார்கள். கொன்ராடின் வெல்டிங் மெஷின், ஸ்பானர் பெட்டிகள், டீசல் தொட்டியில் பாதி எல்லாம் போயிற்று. அதற்கு முந்தைய வாரம் ஒரு வெள்ளை வேன் சாலை முனையில் வெகுநேரம் நின்றதை அவளே பார்த்திருந்தாள். திருட்டு போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சில நாள் கழித்து, இருட்டத் தொடங்கும் நேரத்தில் சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்கதவின் கைப்பிடி மெல்லத் திரும்புவதைக் கண்டாள். பித்தளைக் குமிழ் ஒரு பக்கம் போய், நின்று, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. "யாரது?" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே காலடிகள் ஓடின. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து டெபுடி ப்ரூயிட் வந்து சேர்வதற்குள் உருளைக்கிழங்கு கறுத்துப்போயிருந்தது.

ப்ரூயிட் இளம்பெண், நல்ல மாதிரி. வீட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "மேடம், மறைக்க ஒண்ணுமில்ல. இந்த மாவட்டம் முழுக்க ராத்திரியில நாங்க ரெண்டு பேர்தான். கூப்பிட்டதும் வந்துடுவோம்னு பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"எது?"

"துப்பாக்கிதான்."

"இல்ல. நாங்க எப்பவுமே வெச்சுக்கிட்டதில்ல."

கோதுமைக்காரர் வீட்டில் துப்பாக்கி இல்லையா என்று அந்தப் பெண்ணின் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை.

செய்தி மறுநாளே கிடங்குக்கு வந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் ஹார்லனும் வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், கொன்ராடின் பால்ய சிநேகிதர். எடை அறையின் ஒரே காலி நாற்காலி அவருடையது என்பது ஊரறிந்த விஷயம்.

"ஏம்மா மேவிஸ், என்கிட்ட ஒரு சொல் சொல்லக் கூடாதா? என்னோட இருபதாம் நம்பர் வேட்டைத் துப்பாக்கி சும்மா அலமாரியில தூங்குது. எடுத்துட்டு வந்து தர்றேன். எடை கம்மி, பொம்பளைங்களுக்குத் தோதா இருக்கும்."

"வேண்டாம், ஹார்லன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல."

"பழகறதுக்கு என்ன இருக்கு? தோள்ல வெச்சு அழுத்த வேண்டியதுதான். ஒரே சிக்கல், எங்க வீட்டுக்காரி வெல்மா சொல்றா, இப்பல்லாம் இரவல் குடுக்கணும்னாக்கூட கடைக்குப் போயி போலீஸ் ரெக்கார்டு பார்த்துட்டுத்தான் குடுக்கணுமாம். புதுச் சட்டமாம். எதுக்கெடுத்தாலும் ஒரு சட்டம்! சனிக்கிழமை ரூடியோட துப்பாக்கிக் கடைக்கு வந்துடு. ரெண்டு கேள்வி கேப்பான், கம்ப்யூட்டர்ல தட்டுவான், அஞ்சு நிமிஷ வேலை."

மேவிஸ் சீட்டுப் புத்தகத்தை எடுத்து மூடினாள், திறந்தாள். "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு."

"அடுத்த சனிக்கிழமை?"

"பார்க்கலாம்."

ரூடி கேட்கப்போகும் கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா என்பது அது. உண்டு என்பது பதில்.

பத்தொன்பது வயதில் அவள் ஸ்போகேனில் இருந்தாள். டென்னி என்று ஒருவன் மேல் பைத்தியமாக இருந்த காலம். டென்னி ஒரு மருந்துக் கிடங்கின் பின்பக்கத்தை உடைத்துக்கொண்டு நுழைந்தபோது, டார்ச் பிடித்தபடி கூடவே போனாள். வெளியே வரும்போது போலீஸ் நின்றது. டென்னிக்கு ஏற்கெனவே சிறை பழக்கம். அவளுக்கு அதுவே முதலும் கடைசியும். உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்ததும், தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து, அறுவடைக்கு லாரி ஓட்ட ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு வில்டனுக்கு வந்தாள். அந்த லாரி கொன்ராடின் அப்பாவுடையது.

கொன்ராட் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்ட அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விடுதலை செய்த அதிகாரி எச்சரித்ததையும் சேர்த்துச் சொன்னாள்: இனி ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொடக் கூடாது, கை எட்டும் இடத்தில்கூட இருக்கக் கூடாது, இருந்தால் மறுபடி உள்ளே. கொன்ராட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான். மறுநாள் தன் துப்பாக்கிகள் இரண்டையும் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தான். ஊரில் கேட்டவர்களிடம் தோள்வலி, டாக்டர் வேண்டாமென்றுவிட்டார் என்றான்.

ஃபெசன்ட் காட்டுக்கோழி வேட்டை என்றால் உயிரை விடுகிற மனிதன் அவன். அதற்கப்புறமும் ஒவ்வோர் அக்டோபரிலும் மற்றவர்களோடு போவான், ஒரு தடியை மட்டும் எடுத்துக்கொண்டு. புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பி விடுவான், சுடுவது மற்றவர்கள். "கொன்ராட் பறவைங்களுக்கு வழியனுப்பு விழா நடத்தறான்" என்று கேலி செய்வார்கள். அதிகமாகக் கேலி செய்தது ஹார்லன். கொன்ராடும் கூடவே சிரிப்பான். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது மட்டும் ஒன்றும் பேசாமல் இருப்பான்.

இதையெல்லாம் ஹார்லனிடம் எப்படிச் சொல்வது? அதனால் அடுத்த சனிக்கிழமையும் அவளுக்கு வேலை இருந்தது. அதற்கடுத்ததும்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், சமையலறை விளக்கைப் போட்டதும் அப்படியே நின்றாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், துடைப்பத்தோடு துடைப்பமாகச் சாய்ந்து நின்றது ஹார்லனின் துப்பாக்கி. மேசைமேல் ஒரு பெட்டி தோட்டா. பக்கத்தில் போன வாரம் அவள் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தனுப்பிய தட்டு, கழுவித் துடைத்து. உதிரிச் சாவி எங்கே இருக்கும் என்று கொன்ராட் காலத்திலிருந்தே ஹார்லனுக்குத் தெரியும். ரூடி கடைக்கு வர இவளுக்கு நேரமில்லை என்றால் என்ன, சட்டமா வந்து இவளைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்திருப்பார். நல்ல மனசு. அந்த நல்ல மனசு அவளைக் கதிகலங்க வைத்தது.

அவள் அதைத் தொடவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஹார்லனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். உறைபனி மூட்டம் வீட்டை மெல்ல மறைத்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் டெபுடி ப்ரூயிட் அக்கறையாக எட்டிப் பார்க்க வந்தால்? எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடலாமென்றால் அதற்கும் கையால் எடுக்க வேண்டுமே. தன் வீட்டு வாசலில், தன் வீட்டுக்குள் போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. எத்தனை வருடம்!

அன்று பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துப் போட்டி. வில்டன் மொத்தமும் அங்கேதான் இருக்கும். காரைக் கிளப்பினாள்.

அரங்கத்துக்குள் செவிடாகும் சத்தம். பாப்கார்ன் வாசனைக்கு நடுவே மேல்படிக்கட்டில் உட்கார்ந்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார் ஹார்லன். மேவிஸைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியா? பத்திரமா இருக்கா?"

"வெளிய வாங்க."

"இன்னும் ஒரு கால் பகுதி ஆட்டம் இருக்கே..."

"இப்பவே வாங்க, ஹார்லன்."

அவருடைய பிக்அப் வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். மேவிஸ் ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டாள். பிறகு ஸ்போகேனில் தொடங்கி ஒரே மூச்சாகச் சொல்லி முடித்தாள். சொல்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஹார்லன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெரிய ஆரவாரம் வந்து அடங்கிற்று.

"அப்போ கொன்ராடோட தோள்?" என்றார்.

"அவர் தோளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் அவனை என்னவெல்லாம் சொல்லியிருக்கேன், மேவிஸ்."

"அவர் ஒண்ணும் நினைச்சுக்கல."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் இறங்கிப் போய்த் தன் காரில் ஏறிக்கொண்டாள். ஹார்லன் வண்டியைக் கிளப்பினார். அவள் வீட்டு வாசலில் அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துவந்து தன் வண்டியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து கார் ஜன்னலைத் தட்டினார்.

"தட்டையும் எடுத்துட்டுப் போயிடட்டுமா? அது மேலயும் ஏதாவது சட்டம் இருக்கப்போவுது."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

வக்கீலைப் பார்க்கலாம் என்று சொன்னது ஹார்லன்தான். தான் செய்ததும் குற்றமா என்று அவருக்கும் உறுத்தல். கிறிஸ்துமஸ் கழிந்ததும் இருவரும் மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். வாண்டர்மீர் என்ற அந்த வக்கீல் நீதிமன்றத்துக்கு எதிரே பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தார். ஹார்லன் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்: "சார், நான் ஒரு துப்பாக்கியை..."

வக்கீல் கையைத் தூக்கினார். "ஒருத்தர் ஒருத்தரா வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னா அது ரகசியமா இருக்காது. யார் முதல்ல?"

ஹார்லன் முதலில் போய், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். "இனிமே பண்ணாதேன்னு சொல்லிட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆயிட்டேன்."

பிறகு மேவிஸ். வாண்டர்மீர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். "புருஷன் பொண்டாட்டிக்குக் குடுக்கறது வேற. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல்னா, லைசென்ஸ் உள்ள கடை வழியாத்தான் போகணும். உயிருக்கு இந்த நிமிஷமே ஆபத்துன்னா, அந்த ஆபத்து நீங்கற வரைக்கும் குடுக்கலாம். கதவை உடைச்சுக்கிட்டு உள்ள வந்துட்டான்னா ஒரு பேச்சு. ஒருநாள் வருவானோன்னு பயந்து மாசக்கணக்கா வெச்சுக்கறது வேற பேச்சு. அதுவும் வாங்கிக்கறவங்களுக்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது. உங்களுக்குத் தடை இருக்கு."

"அது தெரியும், சார்."

"அன்னிக்கு நீங்க அதைத் தொடலை, வெளிய வந்துட்டீங்க, உடனே எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க. நானே கூட இருந்திருந்தாலும் இதைவிட நல்லா சொல்லிக் குடுத்திருக்க முடியாது." பேனாவை எடுத்தார். "ஸ்போகேனுக்கு அப்புறம் வேற கேஸ் உண்டா?"

"ஒரு தடவை வேகமா ஓட்டினதுக்கு அபராதம்."

"அவ்வளவுதானா? அப்போ ஏன் இன்னும் தடையோட இருக்கீங்க?"

மேவிஸுக்குப் புரியவில்லை.

"உங்க மாதிரி கேஸுக்குக் கோர்ட்டுல மனு போடலாம், மேடம். தண்டனை முடிஞ்சு அஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்தா உரிமையைத் திருப்பிக் குடுப்பாங்க. உங்க மேல நடந்த கேஸ் அந்த வகையில வரும். இதுல பெரிய வாதமே கிடையாது."

"இது எப்போ வந்த சட்டம்?"

"இருபது வருஷத்துக்கும் மேல இருக்கும்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம், சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ஹார்லனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வக்கீல் சொன்னதை அவரிடம் சொன்னாள்.

"அப்படின்னா கொன்ராட்..." என்று ஆரம்பித்த ஹார்லன் முடிக்கவில்லை.

கொன்ராட் வேட்டைக்குப் போயிருக்கலாம். வாழ்க்கையின் பிற்பாதி முழுவதும், மற்றவர்களைப் போலத் துப்பாக்கியோடு போயிருக்கலாம். ஒரே ஒரு தடவை யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். கேட்பதற்கு முதலில் சொல்ல வேண்டும். சொல்வதற்குத்தான் இருவரும் பயந்தார்கள். அவள் தன் பெயருக்காகப் பயந்தாள். அவன் அவளுக்காகப் பயந்தான். சட்டத்தின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு அறுத்த வயலில் நடந்து வரும் கொன்ராடின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. அவள் வெகுநேரம் அழுதாள். ஹார்லன் தன் கைக்குட்டையை நீட்டினார். அதில் டீசல் நாற்றம் அடித்தது. பரவாயில்லை என்று வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

"மனு போடப் போறேன்" என்றாள் எழுந்து.

"துப்பாக்கி வேணுமா உனக்கு?"

"வேணுமா வேண்டாமான்னு தெரியல. வேண்டாம்னா அதை நான் சொல்லணும். இத்தனை நாளா வேற யாரோ சொல்லிக்கிட்டிருந்தாங்க."

மனு விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் வீட்டைக் காக்க வேண்டுமே. பின்கதவை மாற்றி இரும்புத் தாழ்ப்பாள் போட்டாள். ஆள் அசைந்தால் எரியும் விளக்குகளை ஹார்லன் கொட்டகையில் மாட்டினார். அவர் மனைவி வெல்மா ஒரு கூண்டில் கினிக்கோழிகளைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"இதுங்களுக்கு மூளை கிடையாது, தொண்டை மட்டும்தான். உன் நிழல் அசைஞ்சாலே ஊரைக் கூட்டிடும்" என்றாள்.

உண்மைதான். தபால்காரரைப் பார்த்துக் கத்தின. பனி விழுந்தால் கத்தின. மேவிஸைப் பார்த்தே, முன்பின் பார்த்திராதவை போலக் கத்தின. ஒரு வாரத்தில் திருடனே தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

பிப்ரவரிக் கடைசியில் பனி உருகி மண்ணெல்லாம் கூழாகக் கிடந்தபோது அவன் வந்தான். விளக்கு வைக்கும் நேரம். கோழிகள் கத்திய கத்தலில் வேறு மாதிரியான ஆவேசம் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். கொட்டகை விளக்கு பளிச்சென்று எரிய, அதன் கீழே ஒல்லியாக ஒரு பையன், முழங்காலைச் சுற்றிப் பறக்கும் கோழிகளை உதைத்துக்கொண்டு நின்றான். அவள் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு ஷெரிஃப் ஆபீஸுக்கும் ஹார்லனுக்கும் போன் செய்தாள்.  அந்தப் பையன் நின்ற விதம், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தோள்களைக் குறுக்கிக்கொண்ட விதம், அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. அந்த இருட்டுக் கிடங்குக்குள் டார்ச்சோடு நின்றபோது தன் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் ஞாபகம் வந்தது.

அவன் வேனுக்கு ஓடினான். சாலை வழியாகப் போயிருந்தால் தப்பியிருப்பான். ஹார்லனின் வண்டி விளக்கு மேட்டில் தெரிந்ததும் பயந்துபோய் வயலுக்குள் திருப்பினான். வசந்தம் தொடங்கும் முன் எங்கள் மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். வேன் அச்சு வரைக்கும் புதைந்தது. டெபுடி ப்ரூயிட் சாவகாசமாக வந்து சேர்ந்தபோதும் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ஹார்லன் வயலோரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "டேய், ஆக்சிலேட்டரை விடுடா! விதைச்ச கோதுமைடா அது!"

எங்கள் மாவட்டத்துக்கு ஒரே நீதிபதி. வெள்ளிக்கிழமையானால் எல்லா வழக்கும் ஒன்றாக வரும். மேவிஸின் மனு வந்த அதே காலையில் கோல்பி என்ற அந்தப் பையனின் வழக்கும் வந்தது. சிறை உடையில், செருப்பு அளவுக்குப் பெரிதாக இருக்க, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான். கட்டடம் உடைத்துப் புகுந்த குற்றம் என்று வாசித்தபோது மேவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே வார்த்தைகள். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பாதிக்கப்பட்டவர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று நீதிபதி கேட்டார்.

அவள் எழுந்தாள். பேசலாமென்று வந்தவள் இல்லை; ஆனால் கால்கள் எழுந்துவிட்டன.

"ரெண்டு விஷயம், ஐயா. என் வீட்டுக்காரரோட வெல்டிங் மெஷினை யாருக்கு வித்தான்னு சொல்லட்டும். அது எனக்கு வேணும். இன்னொண்ணு... இன்னிக்கு இந்தப் பையன் என்னென்ன இழக்கறான், அதுல எது திரும்பக் கிடைக்கும், அதுக்கு யாரைப் போய்க் கேக்கணும்னு யாராவது இவனுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லுங்க. எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவனுடைய வக்கீலைக் காட்டி, அது அவர் பொறுப்பு, இன்றே செய்யட்டும் என்றார். அடுத்து அழைத்த பெயர் அவளுடையது. அவள் பத்தொன்பது வயதில் செய்தது என்ன என்று வாண்டர்மீர் எழுந்து படித்தபோது, சுவரோரமாக உட்கார்ந்திருந்த கோல்பி தலையைத் தூக்கினான். அரசு வக்கீலுக்கு ஆட்சேபம் இல்லை. நீதிபதி கையெழுத்துப் போட்டார். ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

வெளியே அழைத்துப்போகும்போது பையன் அவளருகே ஒரு நொடி தயங்கினான்.

"அந்தக் கோழிங்க... அதுங்க நரகத்துலேர்ந்து வந்ததுங்களா மேடம்?"

"எனக்கும் அந்த சந்தேகம் உண்டு" என்றாள் மேவிஸ்.

கோர்ட்டில் படித்த விஷயம் ஊருக்குள் பரவாமல் இருக்குமா? திங்கட்கிழமை எடை அறைக்கு வந்தவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டை வாங்கினார்கள். பிறகு உர லாரி ஓட்டும் ஒருத்தர், "இவ்வளவு பெரிய திருடியை நம்பியா இத்தனை வருஷமா எடை போட்டோம்?" என்று சத்தமாகக் கேட்டுவைத்தார். "உன் லாரியில திருடறதுக்கு என்ன இருக்கு, துருவைத் தவிர?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு தேய்ந்துபோனது. சர்ச்சில் ஒரு பெண் மட்டும் கொஞ்ச நாள் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். மேவிஸ் அதையும் பார்த்தாள். சொல்லிக்கொள்ளவில்லை.

வசந்தத்தில் அவள் ஹார்லனோடு ரூடி கடைக்குப் போனாள். கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். ரூடி கம்ப்யூட்டரைத் தட்டினான். சரி என்று வந்தது. ஹார்லனின் துப்பாக்கியை முறைப்படி இரவல் வாங்கி, பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைத்தாள். ஹார்லன் கல் குவாரியில் தகர டப்பாக்களை வைத்துச் சுடக் கற்றுக்கொடுத்தார். அவளுக்கு நன்றாகவே வந்தது. ஆனால் துப்பாக்கி வந்ததால் தூக்கம் ஒன்றும் கூடிவிடவில்லை. கோடை முழுவதும் அந்தப் பெட்டி அலமாரியில் கிடந்தது. சில சமயம் சாவி எங்கே என்பதே அவளுக்கு மறந்துபோகும். அறுவடை முடிந்ததும் ஹார்லனைக் கூப்பிட்டு, "எடுத்துக்கோங்க. எனக்குப் போதும்" என்றாள்.

"வண்டியில போட்டுக்கட்டுமா?"

"ரூடியைக் கேக்கலாம். எதையும் கேட்டுட்டுச் செய்யறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

ரூடி தாடையைச் சொறிந்தான். "எங்க வக்கீல் சொல்றபடி, திருப்பிக் குடுக்கறதும் ஒரு கைமாற்றம்தான். ஹார்லன், உங்களுக்கும் செக் பண்ணணும்."

"எனக்கா? அது என் துப்பாக்கிடா! எங்க அப்பா வாங்கிக் குடுத்தது!"

"உங்க துப்பாக்கிதான். இப்போ அவங்க கையில இருக்கே. இந்தாங்க பேனா. முதல் கேள்வி: பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா?"

ஹார்லன் பேனாவைப் பிடித்துக்கொண்டு மேவிஸைத் திரும்பிப் பார்த்தார். அவள் தோட்டா அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சு எழுதுங்க, ஹார்லன்" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."